ஓர் எழுத்துக்கு ஒரே பொருள்: கட்டளைச் சுருக்கங்களை வடிவமைப்பது எப்படி?

மாணவர்களே, இயற்பியல் கணக்கில் ‘எம்’ என்ற ஆங்கில எழுத்தைப் பார்க்கிறீர்கள். அது எதைக் குறிக்கிறது? சூத்திரத்தில் சாய்வாக நின்றால் பொருண்மை. எண்ணுக்குப் பின்னால் நேராக நின்றால் மீட்டர். ஓர் அலகின் முன்னால் ஒட்டி நின்றால் மில்லி, அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. அதே இடத்தில் பெரிய எழுத்தாக நின்றால் மெகா, அதாவது பத்து லட்சம் மடங்கு. மில்லிவாட் என்று எழுத வேண்டிய இடத்தில் மெகாவாட் என்று எழுதினால் விடை 100 கோடி மடங்கு பிசகிவிடும்.

ஓர் எழுத்து பல பொருள்களைச் சுமந்தால் படிப்பவர் இடம் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டும். தேர்வுத் தாளில் பிழை நேர்ந்தால் மதிப்பெண் போகும். கணினியில் நேர்ந்தால் குழுவின் பல வார உழைப்பே போகக்கூடும். நிரலாளர்கள் நாள்தோறும் தட்டும் ஒற்றை எழுத்துக் கட்டளைச் சுருக்கங்களை எப்படி வடிவமைக்க வேண்டும் என்பதே இந்த வாரப் பாடம்.

ஒரு சிறு குறிப்பு: இக்கட்டுரையில் ‘-எம்’ என்று கண்டால், விசைப்பலகையில் சிறுகோட்டையும் அதையடுத்து ஆங்கிலச் சிறிய எழுத்து ‘எம்’மையும் தட்ட வேண்டும் என்று பொருள். பெரிய எழுத்து வரும் இடங்களில் அதைத் தனியாகச் சொல்வோம்.

பதிப்புக் கட்டுப்பாடு என்றால் என்ன?

நான்கு பேர் சேர்ந்து ஒரு செயல்திட்டம் செய்யும்போது என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘உண்மையான இறுதி’ என்று கோப்புகள் பெருகும். எது கடைசியாகத் திருத்தியது, யார் திருத்தியது என்று ஒருவருக்கும் தெரியாது.

பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கிறது. கோப்புகளின் ஒவ்வொரு நிலையையும் யார், எப்போது, ஏன் மாற்றினார் என்ற குறிப்போடு அது பதிந்து வைக்கும். வேண்டும்போது பழைய நிலைக்குத் திரும்பலாம். இருவர் தனித்தனிக் கிளைகளில் வேலை செய்து பின்னர் அவற்றை இணைக்கலாம்.

இத்துறையின் முன்னோடி, 1972-இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ரோச்கைண்ட் எழுதிய எஸ்சிசிஎஸ். 2000-இல் சப்வெர்ஷன் திட்டம் தொடங்கியது. 2005 ஏப்ரலில், லினக்ஸ் கருவை உருவாக்குவோருக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் கிட் என்ற கருவியை எழுதத் தொடங்கினார். இன்று கணினித் துறையில் வேலைக்குச் சேர்பவர் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே கிட்டைச் சந்திப்பார்.

கிட்டின் கட்டளை ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம்: ‘கிட் கமிட் -எம்’. ‘கிட்’ என்பது கருவியின் பெயர். ‘கமிட்’ என்பது துணைக்கட்டளை; மாற்றங்களைப் பதிவு செய் என்று சொல்கிறது. ‘-எம்’ என்பது சுருக்கக் குறி. ‘மெசேஜ்’ என்ற சொல்லின் முதல் எழுத்து. அதன்பின் மேற்கோள் குறிக்குள் வருவது பதிவுக்குறிப்பு. இதே குறியை முழுச் சொல்லாகவும் எழுதலாம். அப்போது முன்னால் இரண்டு சிறுகோடுகள் வரும்: ‘--மெசேஜ்’.

சுருக்கம் ஏன் பிறந்தது?

1969-இல் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் இயங்குதளம் தொடங்கியபோது இன்றைய திரைகள் இல்லை. தட்டச்சுப்பொறி போன்ற டெலிடைப் கருவியில்தான் கட்டளைகளைத் தட்டினார்கள். அக்காலத்தில் பரவலாக இருந்த டெலிடைப் மாடல் 33 விநாடிக்கு 10 எழுத்துகள் மட்டுமே அச்சிடும். விசைகளையும் அழுத்தமாகத் தட்ட வேண்டும். அத்தகைய கருவியில் ஓர் எழுத்தை மிச்சப்படுத்தினாலும் இலாபம்தான். அதனால்தான் யூனிக்ஸ் கட்டளைகள் பலவும் இரண்டெழுத்துப் பெயர்கள் பெற்றன. விருப்பத் தேர்வுகள் ஒற்றை எழுத்தாகச் சுருங்கின.

பின்னாளில் குனூ திட்டத்தார் இரண்டு சிறுகோடு போட்ட முழுச்சொல் குறிகளைப் பரப்பினார்கள். முழுச்சொல் படிக்க எளிது. ஒற்றை எழுத்து தட்ட எளிது. கையால் தட்டும்போது சுருக்கம் உதவும். பிறர் படிக்கப்போகும் நிரலில் முழுச்சொல்லே நல்லது. நல்ல கருவி இரண்டையும் தரும்.

எழுத்துகள் ஒட்டிக்கொள்ளும் விதம்

யூனிக்ஸ் மரபில் ஒற்றை எழுத்துக் குறிகளை ஒரே சிறுகோட்டின் கீழ் சேர்த்து எழுதலாம். ‘கிட் கமிட்’ கட்டளையில் ‘-ஏ’ என்றால் ‘ஆல்’: ஏற்கெனவே கண்காணிக்கப்படும் கோப்புகளில் மாறியவை அனைத்தையும் எடுத்துக்கொள். ‘-எம்’ என்றால் பதிவுக்குறிப்பு. இரண்டையும் சேர்த்து ‘-ஏஎம்’ என்று தட்டலாம்.

வரிசையை மாற்றி ‘-எம்ஏ’ என்று தட்டினால்? ‘எம்’ தனக்குப் பின்னால் ஒரு குறிப்பை எதிர்பார்க்கும் எழுத்து. ஆகவே ஒட்டி நிற்கும் ‘ஏ’யைத்தான் குறிப்பு என்று அது எடுத்துக்கொள்ளும். நீங்கள் மேற்கோளுக்குள் எழுதிய வாக்கியத்தை ஒரு கோப்பின் பெயர் என்று கிட் நினைக்கும். அப்படி ஒரு கோப்பு இல்லை என்று பிழைச்செய்தி வரும்.

இன்னொரு சுவையான எடுத்துக்காட்டு. கடைசிப் பதிவைத் திருத்த ‘--அமெண்ட்’ என்ற முழுக் குறி உண்டு. ஆங்கிலத்தில் அதற்கு ஐந்து எழுத்துகள்: ஏ, எம், இ, என், டி. அவசரத்தில் ஒரு சிறுகோட்டை மட்டும் போட்டால் சுருக்க விதிப்படி அதன் பொருள் என்ன? ‘ஏ’ என்றால் அனைத்தையும் எடு. ‘எம்’ என்றால் குறிப்பு. மீதி மூன்று எழுத்துகள் சேர்ந்து ‘எண்ட்’ என்ற குறிப்பு! பழைய பதிவைத் திருத்த நினைத்தவர், ‘எண்ட்’ என்ற குறிப்போடு புதிய பதிவு ஒன்றைச் செய்துவிடுவார். கிட்டை உருவாக்கியவர்கள் இதை முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். இப்படித் தட்டினால் கிட் வேலையைச் செய்யாமல் நிறுத்தி, ‘இரண்டு சிறுகோடு போட நினைத்தீர்களா?’ என்ற பொருளில் ஒரு கேள்வி கேட்கும். பயனர் எங்கே இடறுவார் என்று எண்ணிப் பார்ப்பதும் வடிவமைப்பின் ஒரு பகுதி.

‘என்’ என்ற எழுத்தின் கதை

இப்போது பாடத்தின் மையத்துக்கு வருவோம். கிட்டில் ‘-என்’ என்ற குறி எந்தத் துணைக்கட்டளையில் என்ன பொருள் தருகிறது என்று பாருங்கள்.

- ஆட், ரிமூவ், புஷ், கிளீன்: ஒத்திகை. எதையும் செய்யாதே, என்ன செய்வாய் என்று மட்டும் காட்டு.
- லாக்: இத்தனை பதிவுகளை மட்டும் காட்டு. பின்னால் ஓர் எண் வரும்.
- மெர்ஜ்: இணைத்தபின் மாற்றங்களின் சுருக்கக் கணக்கைக் காட்டாதே.
- குளோன்: நகல் எடு, ஆனால் கோப்புகளை விரித்து வைக்காதே.
- ரிவர்ட்: மாற்றத்தைத் திருப்பு, ஆனால் பதிவு செய்யாதே.
- கமிட்: முன்சோதனைகளைத் தவிர்த்துவிட்டுப் பதிவு செய்.

முதல் வரியையும் கடைசி வரியையும் ஒப்பிடுங்கள். ஆட் கட்டளையிலும் கிளீன் கட்டளையிலும் ‘-என்’ போட்டுப் பழகிய மாணவர், ‘என்’ என்றால் ஒத்திகை என்று மனத்தில் பதித்துக்கொள்கிறார். ஒருநாள், பதிவு செய்யும் முன்பும் ஒத்திகை பார்ப்போமே என்று ‘கிட் கமிட் -என்’ தட்டுகிறார். அவர் கேட்டது பாதுகாப்பு. கிடைத்தது அதற்கு நேர் எதிரானது: பதிவு உண்மையாகவே நடக்கிறது, பிழையான நிரல் உள்ளே நுழையாமல் தடுக்கக் குழுவினர் வைத்திருந்த முன்சோதனைகளும் ஓடவில்லை.

இதில் மாணவரைக் குறை சொல்ல முடியுமா? அவர் செய்தது அறிவியல் முறைதான். பல இடங்களில் கண்டதிலிருந்து ஒரு பொது விதியை வகுத்தார். அதைப் புதிய இடத்தில் பயன்படுத்தினார். கருவி அந்த விதியைக் காப்பாற்றவில்லை. சுருக்கக் குறி என்பது கருவி பயனருக்குக் கொடுக்கும் வாக்கு. ஓரிடத்தில் கொடுத்த வாக்கை அடுத்த இடத்தில் மீறினால், கவனமாகக் கற்றவரே முதலில் ஏமாறுவார்.

ஏன் இப்படி ஆனது?

மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, கணிதம். ஆங்கிலத்தில் சிறிய எழுத்துகள் 26, பெரிய எழுத்துகள் 26, எண்கள் 10. ஆக ஒற்றை எழுத்துக்கு 62 இடங்கள்தாம். கிட்டில் துணைக்கட்டளைகளே நூற்றுக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் பல விருப்பத் தேர்வுகள். புறாக்கள் கூடுகளைவிட அதிகமானால் ஏதாவது ஒரு கூட்டில் இரண்டு புறாக்களாவது இருந்தே தீரும். இதைப் புறாக்கூட்டுக் கொள்கை என்பார்கள். ‘என்’ கூட்டில் நெரிசல் கூடியதற்குத் தனிக் காரணமும் உண்டு. ‘வேண்டாம்’ என்று பொருள்படும் குறிகள் ஆங்கிலத்தில் ‘நோ’ என்று தொடங்கும். நோ-வெரிஃபை, நோ-கமிட், நோ-செக்அவுட் எல்லாம் ஒரே கூட்டை நாடின.

இரண்டாவது, அமைப்பு. கிட் ஒரே நிரலாகப் பிறக்கவில்லை. சிறு சிறு நிரல்கள் பல, வெவ்வேறு கைகளால் எழுதப்பட்டு ஒன்றுசேர்ந்தன. ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் பொருத்தமான எழுத்தைத் தேர்ந்துகொண்டது. தனித்தனியே பார்த்தால் தவறில்லை. சேர்த்துப் பார்த்தால்தான் முரண் தெரியும்.

மூன்றாவது, பழக்கம். ஒரு குறியை வெளியிட்டபின் அதை மாற்றுவது மிகக் கடினம். ‘கமிட் -என்’ என்று எழுதிய தானியங்கி நிரல்கள் உலகெங்கும் இருக்கும். பொருளை மாற்றினால் அவை அனைத்தும் உடையும். 1976-இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய மேக் என்ற கருவியில், சில வரிகள் ‘டேப்’ விசையால்தான் தொடங்க வேண்டும் என்ற விதி இருந்தது. அது சங்கடமான விதி என்று அவருக்கு விரைவிலேயே புரிந்தது. ஆனால் அதற்குள் ஏறக்குறைய ஒரு டஜன் பேர் அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்குத் தொல்லை தர வேண்டாம் என்று விட்டுவிட்டார். அதன் பின்வந்த தலைமுறைகள் எல்லாம் அந்த விதியோடு மல்லுக்கட்டின.

எனவே கிட் குழுவினர் பழையதை மாற்றாமல் புதியதைச் சேர்த்தார்கள். ‘செக்அவுட்’ என்ற ஒரே கட்டளை கிளை மாறவும் கோப்பை மீட்கவும் பயன்பட்டுக் குழப்பம் தந்தது. 2019 ஆகஸ்டில் வந்த 2.23 பதிப்பில் கிளை மாற ‘ஸ்விட்ச்’, கோப்பை மீட்க ‘ரீஸ்டோர்’ என்று இரண்டு கட்டளைகள் வந்தன. புதிய கிளை தொடங்க ‘கிரியேட்’ என்பதன் ‘-சி’ பொருத்தமாக அமைந்தது. ஆனால் இங்கும் ஒரு முரண்: ‘பிராஞ்ச்’ கட்டளையில் ‘-டி’ என்றால் ‘டெலீட்’, கிளையை நீக்கு. ‘ஸ்விட்ச்’ கட்டளையில் ‘-டி’ என்றால் ‘டிடாச்’, எந்தக் கிளையிலும் சேராத நிலைக்குப் போ.

சப்வெர்ஷன் எடுத்த வழி

சப்வெர்ஷனில் எல்லாத் துணைக்கட்டளைகளின் குறிகளும் ஒரே பொதுப் பட்டியலில் இருக்கின்றன. ஓர் எழுத்து எந்தத் துணைக்கட்டளையில் வந்தாலும் ஏறக்குறைய ஒரே பொருள் தரும். ‘-ஆர்’ என்றால் எங்கும் ‘ரிவிஷன்’, அதாவது பதிப்பு எண். ‘-எம்’ என்றால் எங்கும் பதிவுக்குறிப்பு. ‘-வி’ என்றால் எங்கும் விரிவாகக் காட்டு. ‘-கியூ’ என்றால் எங்கும் அமைதியாக வேலை செய். ஒருமுறை கற்றால் போதும்.

இதற்கு ஒரு விலை உண்டு. பொதுப் பட்டியலில் கூடுகள் குறைவு. எனவே பல குறிகளுக்குச் சுருக்கமே கிடையாது. சப்வெர்ஷனில் ஒத்திகைக்கு ‘--டிரை-ரன்’ என்று முழுதாகத்தான் தட்ட வேண்டும். வற்புறுத்திச் செய்ய ‘--ஃபோர்ஸ்’ என்று முழுதாகத்தான் தட்ட வேண்டும். சில விநாடிகள் கூடுதலாகப் போகும். ஆனால் ஏமாற்றம் இருக்காது.

நாமே வடிவமைப்போம்

பள்ளி நூலகத்துக்கு ஒரு கட்டளைக் கருவி எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நூலைச் சேர், இரவல் கொடு, பட்டியல் காட்டு, நீக்கு என்று நான்கு துணைக்கட்டளைகள். பின்வரும் படிகளைப் பின்பற்றுங்கள்.

படி 1: எல்லாத் துணைக்கட்டளைகளின் குறிகளையும் ஒரே தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றும் எத்தனை துணைக்கட்டளைகளில் வருகிறது என்று எண்ணுங்கள். நம் கணக்கில்: வெர்போஸ் 4, டிரை-ரன் 3, ஃபைல் 2, ஆல் 2, ஆத்தர் 1, ஃபோர்ஸ் 1.

படி 2: ஒரே கருத்துக்கு இரண்டு பெயர் இருந்தால் ஒன்றை நீக்குங்கள். ஓரிடத்தில் ‘ஆல்’, இன்னோரிடத்தில் ‘எவ்ரிதிங்’ என்று வைக்காதீர்கள்.

படி 3: உலக வழக்கை மதியுங்கள். பல யூனிக்ஸ் கருவிகளில் ‘-வி’ விரிவு, ‘-ஹெச்’ உதவி, ‘-என்’ ஒத்திகை. இவற்றை வேறு பொருளுக்குக் கொடுக்காதீர்கள்.

படி 4: மீதியுள்ளவற்றில் அதிகம் பயன்படுவதற்கு முதல் எழுத்தைக் கொடுங்கள். ‘ஆல்’, ‘ஆத்தர்’ இரண்டும் ‘ஏ’யைக் கேட்கின்றன. ‘ஆல்’ இரண்டு இடங்களில் வருவதால் அதற்கு ‘-ஏ’. ‘ஆத்தர்’ முழுச்சொல்லாகவே இருக்கட்டும்.

படி 5: போட்டி கடுமையானால், பிழை நேர்ந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். ‘ஃபைல்’, ‘ஃபோர்ஸ்’ இரண்டும் ‘எஃப்’பைக் கேட்கின்றன. உலக வழக்கும் இங்கே பிரிந்து நிற்கிறது. டார் என்ற கருவியில் ‘எஃப்’ என்றால் கோப்பு. கோப்பை அழிக்கும் ஆர்எம் கருவியில் ‘எஃப்’ என்றால் வற்புறுத்து. நம் கருவியில் ‘-எஃப்’பைக் கோப்புக்குக் கொடுத்தால், வற்புறுத்த நினைத்துத் தட்டியவருக்குக் ‘கோப்பின் பெயர் எங்கே?’ என்ற பிழைச்செய்தி வரும். சேதமில்லை. மாற்றிக் கொடுத்தால், கோப்பைக் குறிப்பிட நினைத்துத் தட்டியவர் ஒரு நூலின் பதிவையே அழித்துவிடக்கூடும். எனவே ‘-எஃப்’ கோப்புக்கே. ‘ஃபோர்ஸ்’ சுருக்கமின்றி இருக்கட்டும்.

பைத்தானில் ஆர்க்பார்ஸ் என்ற நிரலகத்தைக் கொண்டு இதை எழுதலாம். ஒரே துணைக்கட்டளைக்குள் ஓர் எழுத்தை இருமுறை கொடுத்தால் அது பிழை காட்டும். இரண்டு துணைக்கட்டளைகளில் ஒரே எழுத்துக்கு வெவ்வேறு பொருள் கொடுத்தால் கண்டுகொள்ளாது. அதைச் சரிபார்ப்பது உங்கள் பொறுப்பு. முதல் படியில் எழுதிய தாள் அதற்குத்தான்.

ஆபத்தான வேலைக்குக் குறுக்குவழி வேண்டாம்

கிட்டிலிருந்து கற்க நல்லதும் உண்டு. ‘கிளீன்’ என்பது கண்காணிப்பில் இல்லாத கோப்புகளை அழிக்கும் கட்டளை. எந்தக் குறியும் இல்லாமல் தட்டினால், இயல்பு அமைப்பில் அது மறுத்துவிடும். ‘பிராஞ்ச் -டி’ தட்டினால், இன்னும் இணைக்கப்படாத வேலை உள்ள கிளையை நீக்க மறுக்கும். கட்டாயம் நீக்க வேண்டுமானால் பெரிய எழுத்து ‘டி’ போட வேண்டும். தடை இருப்பது நல்லதே. ஆனால் அந்தத் தடையைத் தாண்ட ஒரு ‘ஷிஃப்ட்’ விசை போதும் என்பதையும் கவனியுங்கள். மில்லிக்கும் மெகாவுக்கும் இடையே இருப்பதும் அதே விசைதான்.

‘புஷ் -எஃப்’ இன்னும் கவனிக்க வேண்டியது. பொதுக் களஞ்சியத்தில் உங்கள் நண்பர் சேர்த்த பதிவுகள் இருந்தாலும், அவற்றை ஒதுக்கிவிட்டு உங்கள் பதிப்பை அது மேலே வைத்துவிடும். இதற்குப் பாதுகாப்பான மாற்று உண்டு: ‘--ஃபோர்ஸ்-வித்-லீஸ்’. நீங்கள் கடைசியாகப் பார்த்தபின் வேறொருவர் ஏதாவது சேர்த்திருந்தால் அது நின்றுவிடும். ஆனால் ஆபத்தான வழிக்கு ஓர் எழுத்து. பாதுகாப்பான வழிக்கோ நீண்ட சொற்றொடர். கை எதைத் தேடிப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. குழுவாக வேலை செய்யும்போது நீண்டதையே தட்டப் பழகுங்கள்.

செய்து பாருங்கள்

கணினியில் கிட் இருந்தால் புதிய காலி அடைவு ஒன்றில் ‘கிட் இனிட்’ கொடுத்துத் தொடங்குங்கள். உண்மையான செயல்திட்டத்தில் சோதிக்க வேண்டாம்.

1. ஒரு சிறு கோப்பை உருவாக்கி, ‘கிட் ஆட் -என்’ என்பதோடு அதன் பெயரைக் கொடுங்கள். பின்னர் ‘கிட் ஸ்டேட்டஸ்’ தட்டுங்கள். கோப்பு உண்மையில் சேர்ந்ததா?

2. ‘கமிட்’, ‘மெர்ஜ்’, ‘ஸ்டேட்டஸ்’ ஒவ்வொன்றின் பின்னும் ‘-ஹெச்’ தட்டுங்கள். வரும் பட்டியலில் ‘-எஸ்’ என்ற குறிக்கு மூன்றிலும் என்ன பொருள் என்று அட்டவணைப்படுத்துங்கள்.

சிந்தனைக்கு

1. ‘-எம்’ என்பது ‘கமிட்’டில் பதிவுக்குறிப்பு, ‘பிராஞ்ச்’சில் கிளையின் பெயரை மாற்று. இவற்றில் ஒன்றின் சுருக்கத்தை எடுத்துவிடலாம் என்றால் எதை எடுப்பீர்கள்? ஏன்?

2. ஒரே எழுத்தைச் சிறியது, பெரியது என்று இரண்டு பொருள்களுக்குப் பயன்படுத்தலாமா? எந்தச் சூழலில் அது பாதுகாப்பானது?

3. நூலகக் கருவிக்கு ‘நியூ’ என்ற குறியையும் சேர்க்க வேண்டும் என்று நூலகர் கேட்கிறார். ‘-என்’ கொடுப்பீர்களா? ஐந்து படிகளையும் கொண்டு விளக்குங்கள்.

விடைகளை எழுதி உங்கள் கணினி அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். இவற்றில் சிலவற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நல்ல விடைகள் உண்டு. எதைத் தேர்ந்தாலும், தவறித் தட்டியவருக்கு என்ன ஆகும் என்பதை விடையில் சேர்த்து எழுதுங்கள்.